களனி ஏறுமா என்று கொழும்பு வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது

கொழும்பில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பிறகுதான் பல தடவை களனி ஆறு ஏறும். வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவெல பக்கத்துச் சனம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "மழைதான் விட்டுட்டே, இனி என்ன" என்று கட்டிலுக்கு மேல் ஏற்றிய அரிசி மூட்டையை இறக்கி வைப்பார்கள். மறுநாள் விடியும்போது முற்றத்தில் தண்ணீர் நிற்கும். 145 கிலோமீற்றர் நீளமான ஆறு இது. மலையில் விழுந்த மழை கொழும்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரம் எங்கே செலவாகிறது என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஆற்றுக்குத் தலை இரண்டு. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்து நோர்வூட் வழியாக வருவது கெஹெல்கமு ஓயா. சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இறங்குவது மஸ்கெலியா ஓயா. நல்லதண்ணிப் பாதையால் மலையேறுகிறவர்கள் குளித்துவிட்டுப் போகும் சீதகங்குல தண்ணீரும் இதில்தான் சேர்கிறது. அதே மலையின் இரத்தினபுரிப் பக்கத்தில் விழும் மழை களு கங்கைக்குப் போய்விடும். ஹட்டன் முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் மகாவலிக்கு. ஒரே மேகத்தின் தண்ணீர் கொழும்பு முகத்துவாரத்திலும் களுத்துறையிலும் திருகோணமலையிலும் கடல் சேர முடியும்.

நீளத்தில் களனி இலங்கையின் நான்காவது ஆறு. மல்வத்து ஓயாவும் கலா ஓயாவும் இதைவிட நீளம். ஆனால் அவை வறண்ட பிரதேசத்து ஆறுகள், தண்ணீர் அளவில் களனிக்குக் கிட்டவும் வராதவை. களனியின் நீரேந்துப் பகுதி ஏறத்தாழ 2,290 சதுர கிலோமீற்றர். பெரிய பரப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வந்து நேராக முட்டுவது இந்த மேற்குச் சரிவில்தான். கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது என்றால், இந்தச் சரிவில் 5,000 மில்லிமீற்றரைத் தொடும் இடங்களும் இருக்கின்றன.

மேல் களனி இன்று பாதி ஆறு, பாதி குழாய். லக்சபான நீர்வீழ்ச்சி 126 மீற்றர், அபர்டீன் 98 மீற்றர். இந்த உயரங்களை மின்சாரமாக மாற்றலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ல் அறிக்கை படித்தார். பழைய லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950ல். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து, இறப்பதற்கு மூன்று வருடம் முன்பு அதைப் பார்த்தார். இன்றைய ஏற்பாடு இப்படி: கெஹெல்கமு ஓயாவைக் காசல்ரி நீர்த்தேக்கம் மறிக்கிறது. அந்தத் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு நோர்ட்டன் நீர்த்தேக்கத்தில் தங்கும். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தால் பழைய லக்சபானவுக்குப் போகும். மறுபக்கம், மஸ்கெலியா ஓயாவை மவுசாகலை நீர்த்தேக்கம் மறிக்கிறது. அதன் தண்ணீர் கெனியன் மின்நிலையம், பிறகு புதிய லக்சபான. இரண்டு தண்ணீரும் லக்சபான தடாகத்தில் கலந்து பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு இறங்கும். அதற்கும் கீழே கித்துல்கலவுக்குக் கிட்ட புரோட்லண்ட்ஸ் மின்நிலையம். வரைபடத்தில் இரண்டு ஓயாவும் களுகலவில் கூடிக் களனி ஆகின்றன என்றுதான் இருக்கும். உண்மையில் மின்சார சபை அவற்றை அதற்கு முன்பே கலந்துவிடுகிறது. மவுசாகலையில் புறப்படும் ஒரு கன மீற்றர் தண்ணீர் கித்துல்கலவைத் தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் சுழலியைச் சுற்றியிருக்கும்.

மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வறட்சியில் தண்ணீர் கீழிறங்கினால் பழைய கோவிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், பார்க்க ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போவார்கள். மலையகத்துக்கு அது காட்சி. கொழும்புக்கு அது மின்வெட்டுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் முன்னறிவிப்பு.

இனிக் கொழும்புக்காரர் பதறும் செய்திக்கு வருவோம். "லக்சபான வான்கதவுகள் திறப்பு, களனி ஆற்றை அண்டியோர் அவதானம்." இது வந்ததும் கைத்தொலைபேசிகள் சூடாகும். கித்துல்கலவில் ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்களுக்கும் படகு விடுகிறவர்களுக்கும் இது உயிர் விஷயம்தான்: வான்கதவு திறந்தால் அங்கே சில நிமிடங்களில் ஆறு மாறும், மேலே மழையே தெரியாவிட்டாலும் மாறும். கொழும்புக்கு இது அவ்வளவு பெரிய செய்தி இல்லை. இந்த நீர்த்தேக்கங்கள் பிடித்து வைத்திருப்பது முழு நீரேந்துப் பகுதியின் தலையில் ஒரு சிறு துண்டு. அவை மின்சாரத்துக்குக் கட்டியவை, வெள்ளத்தைப் பிடிக்கக் கட்டியவை இல்லை. கொழும்பை மூழ்கடிக்கும் தண்ணீர் அவற்றுக்குக் கீழே சேருகிறது: யட்டியந்தோட்டையில் வீ ஓயா, ருவான்வெல்லவில் குருகொட ஓயா, தெரணியகலைப் பக்கத்திலிருந்து அவிசாவளைக்கு வரும் சீதாவக்கை ஓயா. இவற்றை மறித்துப் பெரிய அணை எதுவும் இல்லை. தெரணியகலையிலும் மாலிபொடையிலும் ஒரே இரவில் கொட்டினால், லக்சபானவில் ஒரு கதவும் திறக்காமலே களனி பெருகும்.

அவிசாவளையைத் தாண்டினால் ஆற்றின் குணமே மாறுகிறது. அதுவரை பாறை, சுழி, இரைச்சல். அதற்குப் பிறகு சமதரை. ஹங்வெல்லவுக்குக் கீழே ஆற்றுக்குச் சரிவு என்று சொல்ல அதிகம் இல்லை. தட்டில் கொட்டிய தேநீர் மாதிரி தண்ணீர் முன்னால் போவதைவிடப் பக்கத்தில்தான் பரவும். மேலே சில மணி நேரத்தில் இறங்கிவிட்ட வெள்ளம் இங்கே நாள் கணக்கில் நிற்பது இதனால்தான். கித்துல்கலவில் ஏறிய தண்ணீர் சில மணி நேரத்தில் அவிசாவளைப் பக்கத்துக் கிளென்கோர்ஸ் அளவுகோலில் தெரியும். ஹங்வெல்லவில் ஏறியது கொழும்பில் முழுதாகத் தெரிய ஒரு நாள் வரை ஆகலாம், பெரிய வெள்ளமானால் அதற்கு மேலும். இடையில் வயலும் சதுப்பும் நிரம்ப வேண்டும், அவை நிரம்பும்வரை ஆற்றின் மட்டம் மெதுவாகவே ஏறும். அவற்றை மண் போட்டு நிரப்பிக் கட்டிடம் கட்டினால் அந்தத் தாமதம் குறைந்துவிடும். கடுவெல, பியகம பக்கத்தில் கடந்த நாற்பது வருடமாக நடப்பது அதுதான்.

அறிக்கையை வாசிப்பது

நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் ஆற்று மட்ட அறிக்கை வெளியிடும். வட்சப்பில் படமாகச் சுற்றும், ஆனால் பெரும்பாலானோர் கடைசி வரியான நாகலகம் வீதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது கிராண்ட்பாஸுக்குக் கிட்ட உள்ள அளவுகோல், ஆற்றின் கடைசி அளவுகோல். அங்கே ஏறிவிட்டது என்றால் உங்களுக்கு இனி நேரமில்லை என்று அர்த்தம்.

முதலில் அலகைக் கவனியுங்கள். நாகலகம் வீதி அடிக்கணக்கில் வரும். மற்ற இடங்கள் மீற்றரில். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். ஹங்வெல்லவில் 7, 8, 10 மீற்றர். கிளென்கோர்ஸில் 15, 16.5, 19 மீற்றர். கித்துல்கலவில் 3, 4, 6 மீற்றர். "கிளென்கோர்ஸில் 15 மீற்றராம், ஹங்வெல்லவில் 7தானாம், அப்ப குறைஞ்சிட்டு" என்று ஒப்பிடக் கூடாது. ஒவ்வோர் இடத்து எண்ணையும் அந்த இடத்து எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். எல்லைகள் அறிக்கையிலேயே பக்கத்துக் கட்டங்களில் இருக்கும்.

அடுத்தது போக்கு. ஒரு தனி எண்ணால் பயனில்லை. மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு அறிக்கையையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளென்கோர்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் ஹங்வெல்ல இன்னும் ஏறும், அங்கே இப்போது என்ன எண் இருந்தாலும் சரி. கிளென்கோர்ஸ் இறங்கத் தொடங்கி, மேலே தெரணியகலையிலும் ஹொலொம்புவவிலும் மட்டம் குறைந்து, மழையும் விட்டிருந்தால் ஹங்வெல்லவின் உச்சம் கிட்டிவிட்டது. ஹங்வெல்ல இறங்கிய பிறகும் நாகலகம் வீதி ஏறும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலே, சாமான்களை அவசரப்பட்டு இறக்கும் வேலை இராது.

சாதாரண நாட்களில் நாகலகம் வீதியின் எண் ஒரு நாளுக்குள்ளேயே சற்று ஏறி இறங்குவதைக் காணலாம். அது கடல் ஏற்றவற்றம். கொழும்புக் கரையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் ஆறு நிரம்பி வரும்போது கடலும் ஏறியிருந்தால் தண்ணீர் வெளியேறுவது மந்தமாகும்.

இந்த அளவுகோலில் 1947 ஆகஸ்டில் 12 அடியையும் தாண்டியது. 1989 யூனில் 9 அடியைத் தாண்டியது. 2016 மேயில் 7 அடிக்குச் சற்று மேல்தான், ஆனால் சேதம் பெரிது. ஆறு 1947ஐவிடக் குறைவாகவே பெருகியது. வீடுகள் அன்றைக்கு வயல் இருந்த இடத்தில் நின்றன. மழை ஓய்ந்து நாட்கள் கழிந்தும் கொலன்னாவையில் வள்ளம் ஓடியது. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் இன்னொரு பாடம்: களனிக்கு ஆபத்து மே, யூனில் மட்டும் இல்லை. ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கமும் மேற்குச் சரிவை நனைத்துவிடும்.

பண்ட்

கொழும்பு நகரின் பெரும்பகுதி ஆண்டுதோறும் தப்புவது ஆற்றின் இரு கரையிலும் உள்ள மண் அணைகளால். எல்லாரும் "பண்ட்" என்றே சொல்வார்கள். வெள்ளப் பாதுகாப்புச் சட்டம் 1924ல் வந்தது, இந்த அணைகள் அந்தக் காலத்துத் திட்டத்தின் தொடர்ச்சி. பண்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நாகலகம் வீதியில் 5 அடி என்றாலே அவர்கள் வீட்டில் தண்ணீர். பண்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் 7 அடியிலும் சாதாரணமாகச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே வீதியின் இரண்டு முனையில் இந்த வித்தியாசம் இருக்கும்.

மண் அணை மேலால் வழிந்துதான் உடையும் என்று நினைப்பது தவறு. எலி வளை, பட்ட மரத்தின் வேர் உக்கிய ஓட்டை, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம், குறுக்கே போய் வரச் சனம் வெட்டிய நடைபாதை, இவற்றின் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளுக்குள் மண்ணை அரிக்கும். வெள்ள நேரத்தில் அணையின் உலர்ந்த பக்கத்து அடியில் ஊற்றுப் போலத் தண்ணீர் வந்தால் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கசிவு, கண்காணிக்க வேண்டியது. கலங்கல் என்றால் அணையின் மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது. உடனே கிராம சேவகருக்கோ 117க்கோ சொல்ல வேண்டும். அந்த வாயை மூடி அடைக்க முயலக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி வேறிடத்தில் பீறிடும். மணல்மூட்டையை அதைச் சுற்றி வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டம் உயர விடுவதுதான் முறை. வட்டத்துக்குள் நிற்கும் தண்ணீர் அணைக்குள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தணிக்கும்.

ஆற்றங்கரை இடிவது பெரும்பாலும் வெள்ளம் வடியும்போதுதான். நனைந்து கனத்த கரையை ஆற்றுத் தண்ணீர் தாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வேகமாக இறங்கினால் அந்தத் தாங்கல் போய் மண் சரியும். வெள்ளம் வடிந்த முதல் இரண்டு நாள் கரையோரத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வாய்க்கால் வெள்ளம் வேறு

2010 நவம்பரில் கொழும்பு மூழ்கியது, நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அது களனி உடைத்து வந்த தண்ணீர் இல்லை. நகரத்தின் மேலேயே ஓர் இரவில் 400 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டிய மழை. அதற்கு அவிசாவளையின் அளவுகோலைப் பார்த்துப் பயன் இல்லை.

கொழும்பின் மழைநீர் தெமட்டகொடை, கிட்டம்பஹுவ, சென் செபஸ்தியன், கொலன்னாவை, வெள்ளவத்தை, தெகிவளை வாய்க்கால்களில் சேர்ந்து வெளியேறுகிறது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் நேராகக் கடலுக்கு. வடக்கே "வடக்கு லொக்" என்ற கதவு வழியாகக் களனி ஆற்றுக்கு. சிக்கல் அங்கேதான். ஆறு வாய்க்காலைவிட உயரமானால் ஆற்றுத் தண்ணீர் நகருக்குள் புகும், அதனால் கதவை மூடியாக வேண்டும். மூடினால் உள்ளே பெய்யும் மழைக்கு வடக்கு வாசல் இல்லை. பம்புகளும் முகத்துவாரச் சுரங்கமும் தெற்கு வாய்களும்தான் மிச்சம். தெற்கு வாய்களையோ தென்மேல் பருவக்காற்றுக் கால அலைகள் மணல் திட்டுப் போட்டு அடைக்கின்றன, அதை இயந்திரம் வைத்து வெட்டி விட வேண்டும். மேலே மலையிலும் கீழே நகரத்திலும் ஒரே நேரத்தில் மழை பெய்யும் நாள்தான் கொழும்புக்கு மிக மோசமான நாள்.

இடையில் தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது கொலன்னாவை, கோட்டே, ஹீன் எல சதுப்புகள். 2018ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரப் பலகையைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் மண் கொட்டி நிரப்பும் டிப்பரைப் பார்க்கலாம்.

வாய்க்கால் வெள்ளம் வீட்டுக்குள் வாசலால் வருவதற்கு முன் கழிவறையாலும் குளியலறைத் துவாரத்தாலும் வரும். ஆகவே தாழ்வான தெருக்களில் கழிவுநீர்க் குழாயில் பின்னோட்டம் தடுக்கும் வால்வு ஒன்று போடுவது, வாசலில் மணல்மூட்டை அடுக்குவதைவிடப் பயன் தரும். மூட்டை அடுக்கி வாசலைக் காத்து, குளியலறையால் முழுகிய வீடுகள் ஏராளம்.

ஆறு மெலிந்தால் உப்பு

கொழும்பு வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இதே களனியின் தண்ணீர்தான். லபுகமவிலும் கலட்டுவாவவிலும் வக் ஓயாவை மறித்த பழைய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, லபுகம 1880களிலிருந்தே நகருக்குத் தண்ணீர் கொடுத்தது. இன்றைய தேவைக்கு அம்பத்தலையிலும் பியகமவிலும் ஆற்றிலிருந்தே இறைக்கிறார்கள்.

அம்பத்தலை கடலிலிருந்து ஆற்று வழியாக ஏறத்தாழ 14 கிலோமீற்றர். ஆற்றைச் சமதரை மெதுவாக்குகிறது என்றேன். அதே சமதரை வறட்சியில் கடலை உள்ளே அழைக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது. ஆற்றின் ஓட்டம் பலவீனமானதும் கடல்நீர் அடியால் ஆப்புப் போலப் புகுந்து மேலேறும். மேற்பரப்பில் குடித்துப் பார்த்தால் இனிக்கும், அடியில் உப்பு. பல வருட மணல் அகழ்வு ஆற்றின் அடியைக் கடல் மட்டத்துக்கும் கீழே இறக்கிவிட்டதால் அதற்குப் பாதை இலகுவாயிற்று. இதைத் தடுக்க அம்பத்தலைக்குக் கிட்ட ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்குவது நெடுநாள் வழக்கம். அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும், திரும்ப அடுக்குவார்கள். நிலையான உவர்த் தடுப்பணைத் திட்டம் வந்தது இதனால்தான்.

குழாய்த் தண்ணீர் கரித்தால் கொதிக்க வைக்காதீர்கள். நீராவி போய் உப்பு இன்னும் செறியும். மெழுகுத்திரி வடிகட்டியும் கரி வடிகட்டியும் கரைந்த உப்பைப் பிடிக்கா. சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவி மட்டும் பிடிக்கும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் போனால்தான் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். ஆகவே இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நாக்கை நம்பாமல் வறட்சி அறிவித்தலைக் கவனிப்பது நல்லது.

ஆறு முடிவது மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் நடுவில், காக்கைத்தீவுக் கரையில். வடகரையில் ஹெக்கித்தவிலிருந்து ஹமில்டன் கால்வாய் நீர்கொழும்புக்குப் பிரிகிறது. சற்று மேலே, 1822ல் வள்ளங்களைக் கட்டி மிதக்கவிட்ட பாலத்தில் தொடங்கி 1895ன் விக்டோரியா பாலம், 2021ல் திறந்த இரண்டாவது புதிய களனிப் பாலம் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பாலம் போட்டிருக்கிறது.

கடுவெல முதல் கொலன்னாவை வரை காணி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரகர் "வெள்ளம் வராத இடம்" என்றால் எந்த வருடத்து வெள்ளம் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவரிடம் 1989ல் தண்ணீர் எதுவரை வந்தது, 2016ல் எதுவரை, 2025ல் எதுவரை என்று மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள். பழைய சுவரில் கறை இருந்தால் அடிநாடாவால் அளந்து கொள்ளுங்கள். காணி பண்டுக்கு எந்தப் பக்கம், மழைநீர் எந்த வாய்க்காலுக்கு ஓடுகிறது, அந்த வாய்க்கால் ஆற்றுக்குப் போகிறதா கடலுக்குப் போகிறதா என்று பாருங்கள். புதிதாக மண் நிரப்பிய காணியென்றால் பின் எல்லைக்குப் போய் அடுத்த காணி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். உங்கள் காணி ஏறிய அளவு தண்ணீர் அங்கேதான் நிற்கும், சண்டையும் அங்கிருந்துதான் வரும்.